தம்பி சொன்ன விலை

மாடி உச்சியில் இருந்த லிஃப்ட் மோட்டார் அறையின் கதவைச் சாத்திவிட்டு, "ஸ்பீக்கர்ல போடு. நானும் கேக்கணும்" என்றான் தம்பி. வக்கீல் தொண்டையைச் செருமிக்கொண்டான். அவன் வக்கீல் ஒன்றும் இல்லை. தம்பியோடு சேர்ந்து அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுது பார்ப்பவன்தான். கை வேலை செய்கிற நேரத்தைவிட வாய் வேலை செய்கிற நேரம் அதிகம் என்பதால் கம்பெனியில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. இப்போது அவனுக்குக் கொடுத்திருந்ததும் வாய் வேலைதான். தம்பியின் அக்காவுக்கு முகம் தெரியாத ஆள் போலப் போன் செய்ய வேண்டும். விளம்பரத்தில் பார்த்த பழைய காருக்கு மூன்று லட்சம் தருவதாகச் சொல்ல வேண்டும். யோசித்துச் சொல்லுங்கள் என்று வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

"வண்டி இன்னும் இருக்குங்களா?"

"இருக்கு. நீங்க புரோக்கரா?" என்றது அக்காவின் குரல். மோட்டார் அறையின் இரைச்சலிலும் அந்தக் குரலில் இருந்த களைப்பு தம்பிக்குக் கேட்டது.

"சேச்சே, வீட்டுக்குத்தான் மேடம். போட்டோவைப் பாத்தாலே தெரியுது, தாங்கித் தாங்கி வச்சிருந்த வண்டின்னு. எங்க வீட்டுல இந்தக் கலர்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. மூணே கால் வரைக்கும் தர்றேன்."

தம்பி மூன்று விரலைத் தூக்கி வக்கீலின் மூக்குக்கு நேராக ஆட்டினான். வக்கீல் கண்ணை மூடிக்கொண்டான். மகனுக்குப் பெண் கேட்பவன் போலக் காரைப் பற்றி மேலும் நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தான்.

"மூணுன்னுதானேடா சொன்னேன்?"

"முழுசா மூணுன்னு சொன்னா சந்தேகம் வரும்ணே. கால் சேத்தாத்தான் கணக்குப் போட்டு வந்தவன் மாதிரி இருக்கும்."

அதிலும் ஒரு நியாயம் இருப்பதாகத்தான் தம்பிக்கு அப்போது பட்டது. கூடுதலாகப் போகும் பணம் அக்காவுக்குத்தானே.

அந்தக் கார் அவர்களுடைய அப்பாவினுடையது. கடைசி நாலு வருஷம் அவர் மகள் வீட்டில்தான் இருந்தார். அவரோடு வந்த கார் அவர் போன பிறகும் அந்த வீட்டு வாசலிலேயே உறை போட்டு நின்றது. அக்காவுக்கு ஓட்டத் தெரியாது. அவள் புருஷனுக்குத் தெரியும், ஆனால் பெட்ரோல் போடுகிற நிலையில் அவர் இல்லை. இதற்கிடையில் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். புது வீட்டுக்கு ஒன்றரை லட்சம் முன்பணம். தம்பியால் கொடுக்க முடியும். கொடுத்தால் அவள் வாங்க மாட்டாள், அதுதான் சிக்கல். முன்பொரு முறை அவள் புருஷன் கடையை மூடியபோது தம்பிதான் கை கொடுத்தான். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் தம்பியின் மனைவி யாரிடமோ, "எங்க வீட்டுக்காரர் மட்டும் இல்லேன்னா அவங்க நடுத்தெருவுலதான்" என்று சொன்னது, இரண்டு இலை தள்ளி உட்கார்ந்திருந்த அக்காவின் காதில் விழுந்தது. அவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்திருக்கவில்லை. கடைசிவரை சாப்பிட்டு, சொல்லிக்கொண்டு போய், மறு மாதமே வளையலை விற்றுப் பணத்தைத் திருப்பிவிட்டாள். "உங்கிட்டேர்ந்து பங்குன்னா வாங்கிக்குவேன். உதவின்னா ஒத்தக் காசு வேண்டாம்" என்றாள். அதிலிருந்து அவள் சொன்ன சொல் சொன்னதுதான்.

ஆக அக்காவுக்குப் பணம் போய்ச் சேர ஒரே வழி அந்தக் கார். வண்டியை நானே எடுத்துக்கொள்கிறேன், பாதி விலையை உனக்குத் தருகிறேன் என்று தம்பி ஆரம்பித்தான். என்ன விலை என்று அவள் கேட்டாள். அவன் நேர்மையாகத்தான் விசாரித்தான். பழைய கார் வாங்கி விற்கிற இடம் மூன்றுக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போனான். ஒருவன் டயரை மட்டும் பார்த்தான். இன்னொருவன் கதவைத் தட்டித் தட்டி, எங்கெங்கே நசுங்கலை அடைக்க மாவு பூசிப் பெயின்ட் அடித்திருக்கிறது என்று சத்தத்திலேயே சொன்னான். மூன்றாமவன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. ஆனால் மூன்று பேர் சொன்னதும் ஒன்றுதான்: இந்த மாடல் இப்போது வருவதில்லை, உதிரி பாகம் கிடைக்காது, கீழ்த் தகடு துருப்பிடித்துவிட்டது, ஒன்று அறுபது, மிஞ்சிப் போனால் ஒன்று எண்பது. தம்பி தன் பங்குக்குக் கொஞ்சம் ஏற்றி, அக்காவிடம் இரண்டு என்று சொன்னான்.

அவள் முகம் விழுந்துவிட்டது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. தினம் காலையில் அப்பா ஈரத் துணியோடு அந்த வண்டியைச் சுற்றி வந்ததைப் பார்த்தவள் அவள். எதிர்வீட்டுக்காரர் இதே மாதிரி வண்டியை மூணுக்கு விற்றாரே என்றாள். அது இதைவிட ஆறு வருஷம் புதிது என்று தம்பி சொன்னது அவள் மனசில் ஏறவில்லை. "ஊர் என்ன சொல்லுதுன்னு பாப்போம்" என்று மகளை விட்டு விளம்பரம் போட்டுவிட்டாள். அந்த விளம்பரத்தைப் பார்த்தபோதுதான் தம்பிக்கு இந்த யோசனை வந்தது. ஊர் மூன்று என்று சொல்லிவிட்டால், தானும் மூன்று கொடுக்கலாம். பாதி ஒன்றரை, முன்பணத்துக்குச் சரியாக இருக்கும். அவளும் பங்கு என்று தலை நிமிர்ந்து வாங்கிக்கொள்வாள். கம்பெனிச் சங்கத்தில் கடன்கூட எழுதி வாங்கிவிட்டான். இத்தனை சாமர்த்தியம் தனக்கு இருக்கிறதா என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள்.

"ஒரு ஆள் போன் பண்ணினான். மூணே கால் தர்றானாம்."

"நல்லதுதானேக்கா. அந்த விலையை நானே குடுத்துடறேன். நாளைக்கே வேணும்னாலும் தர்றேன்."

அவள் சந்தோஷப்படுவாள் என்றுதான் அவன் நினைத்தான்.

"போன வாரம் ரெண்டுதான்னு சொன்ன."

"அது... அப்போ விசாரிச்சதுல சொன்னதுக்கா."

"நான் சொன்ன உடனே ஒண்ணே கால் லட்சம் ஏத்தித் தர்ற. ஏன்டா இவ்வளவுன்னு ஒரு வார்த்தை கேக்கல. யாரு அந்த ஆளுன்னு கேக்கல." அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "அப்போ உனக்கு முதல்லயே தெரியும். அக்கா ஏமாந்தா ரெண்டு, முழிச்சுக்கிட்டா மூணே கால்."

எல்லாப் பக்கமும் யோசித்த தம்பி இந்தப் பக்கம் யோசிக்கவில்லை. உண்மையைச் சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. என்ன சொல்வது? பொய்யாக ஆள் வைத்து விலையை ஏற்றினேன், உனக்குப் பணம் தருவதற்காக என்றா? பந்தியில் கேட்டதைவிட அது அவளுக்குப் பெரிய அடியாக இருக்கும். "அப்படியெல்லாம் இல்லக்கா" என்று மட்டும் சொன்னான். யாருக்கும், எதற்கும் உதவாத பதில். அவள் போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் வேலைக்கு நடுவே வக்கீல் போனை நீட்டிக்கொண்டு வந்தான். "அண்ணே, அக்கா விடாம கூப்பிடறாங்க. அந்த விலைக்கே தர்றேன், உடனே வாங்கன்னு மெசேஜ் வேற. நான் என்ன காரை வாங்கி மொட்டை மாடியிலயா ஏத்தறது?" வேறு வண்டி கிடைத்துவிட்டது என்று சொல்லிவிடச் சொன்னான் தம்பி. வக்கீலும் அப்படியே சொன்னான், அன்றைக்கு மட்டும் சுருக்கமாக. பத்து நிமிஷத்தில் அக்கா தம்பியைக் கூப்பிட்டாள். "வந்த ஆளையும் கலைச்சு விட்டுட்டல்ல" என்றாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். தம்பி கடன் வாங்கி வைத்துக்கொண்டான். வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அவன் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"நானே போய் உண்மையைச் சொல்லிடட்டுமா?"

"நீயா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அன்னைக்கு வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்" என்றாள். அவன் எழுந்து கை கழுவப் போனான்.

வண்டி இரண்டு பேருடைய பெயருக்கும் மாறியிருந்ததால் விற்பதற்குத் தம்பியின் கையெழுத்தும் வேண்டியிருந்தது. அக்காவின் மகள்தான் அவனை வரச் சொல்லிப் போன் செய்தாள். அவன் போனபோது வியாபாரி ஏற்கெனவே காருக்கு அடியில் படுத்திருந்தான். வெளியே தெரிந்தது இரண்டு செருப்புக் கால் மட்டும்தான். அக்கா படியில் நின்றிருந்தாள். வா என்று சொன்னாள். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுகிறவள் இல்லை. வியாபாரி வெளியே வந்து முழங்கையைத் தட்டிக்கொண்டு, துரு, மாவு, உதிரி பாகம் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னான். அத்தனையும் தம்பி முன்பே கேட்டவை, அதே வரிசையில் இல்லை என்பதுதான் வித்தியாசம். ஒன்று அறுபது என்று முடித்தான்.

அக்கா திரும்பித் தம்பியைப் பார்த்தாள். கோபமான பார்வை இல்லை அது. கூட்டிய கணக்கு உதைக்கும்போது பார்க்கிற பார்வை. இரண்டு என்று நீ சொன்னது கூடுதல்தானே, அப்படியானால் மூணே கால் சொன்னவன் யார் என்று அவள் கேட்கப் போகிறாள் என்று நினைத்தான். கேட்டிருந்தால் அத்தனையும் சொல்லியிருப்பான். கேட்காமலேகூடச் சொல்லியிருக்கலாம். அதற்குள் வியாபாரி பேனா இருக்கிறதா என்றான். அவள் எடுத்துவர உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அந்தப் பார்வை போய்விட்டிருந்தது.

"அக்கா, ரெண்டுக்கு நான் எடுத்துக்கறேன். நஷ்டத்துக்கு ஏன் குடுக்கணும்?"

"அவர் ஒண்ணு அறுபதுக்குக் கேட்டா அது வியாபாரம்" என்றாள் அக்கா, பேனாவை வியாபாரியிடம் கொடுத்துக்கொண்டே. "நீ ரெண்டுக்குக் கேட்டா, உள்ளே என்ன வச்சிருக்கேன்னு நான் தேடணும். எனக்குத் தெம்பு இல்லடா."

வியாபாரி சங்கடப்பட்டுப் போய் வைப்பரை ஆராய்ந்தான். கையெழுத்து முடிந்து பணம் கை மாறியது. கார் முதல் சாவியிலேயே கிளம்பி, தெரு முனையில் விளக்கு மினுக்கித் திரும்பியது. வாசலில் அது நின்ற இடம் மட்டும் வெயில் படாமல் கறுப்பாக இருந்தது. அக்காவின் பங்கு எண்பதாயிரம். முன்பணத்துக்கு இன்னும் எழுபது துண்டு விழும். அந்த எழுபதும் தம்பியின் வங்கிக் கணக்கில் சும்மா கிடந்தது.

அவள் நோட்டுகளைப் பிரித்து அவன் பங்கை நீட்டினாள். "எண்ணிப் பாத்துக்கோ."

"என்னக்கா இது. வேண்டாம்."

"எண்ணு. அக்கா குறைச்சுக் குடுத்தாங்கிற பேச்சு நாளைக்கு வரக் கூடாது."

அவன் எண்ண ஆரம்பித்தான். அவள் ஒரு கையைக் கதவில் வைத்தபடி நின்றாள். உள்ளே தரையெல்லாம் மூட்டை கட்டிய சாமான். நோட்டுகள் புதியவை, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பாதியைத் தாண்டும்போதுதான் அவனுக்கு அது உறைத்தது: எண்ணி முடித்தால் சரியாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும், சொன்னால் அவள் சரி என்பாள், கதவு சாத்தப்படும். அதன் பிறகு இந்த வாசலுக்கு வர அவனுக்கு ஒரு காரணமும் இல்லை. அடுத்த மாதம் இந்த வாசலும் இவர்களுடையதாக இருக்காது.

"கணக்கு விட்டுப்போச்சுக்கா" என்றான்.

அவள் நகரவில்லை. தம்பி கட்டைத் தட்டி ஒழுங்கு செய்து, விரலை ஈரப்படுத்திக்கொண்டு, முதல் நோட்டிலிருந்து மெதுவாக மறுபடி எண்ணத் தொடங்கினான்.