பூவுக்கு என்ன பாரம்

வேலிக்கு அந்தப் பக்கம் முருகையனின் மூன்று சக்கர வண்டி ஒரே இழுப்பில் கிளம்பியது. மல்லிகைப் பாத்தியில் குனிந்திருந்த சுப்புராயன் நிமிரவில்லை. நிமிர்ந்தால் பார்த்தது போலாகிவிடும். பச்சைப் பெயின்ட் அடித்த அந்த வண்டி தெருமுனை திரும்பும் வரை அதன் சத்தத்தைக் காதாலேயே தொடர்ந்தார். மந்தைவெளிக்குத் தெற்கே ஆற்றை ஒட்டிய அந்த இரண்டு பூந்தோட்டங்களும் ஒரு காலத்தில் ஒன்று. பாகம் பிரிந்தபோது கிணறு சுப்புராயனுக்கும், சாலையோர நிலம் சித்தப்பா மகன் முருகையனுக்கும் போனது. அதில் அவருக்குக் குறையில்லை. அறுபது வயதில் அவரைத் தூக்கமில்லாமல் புரள வைத்தது போன வருஷம் கைவிட்டுப் போன ஒரு முழத் துணி.

ஆடி முதல் வெள்ளியன்று, பாலத்துக்கு அக்கரையில் இருக்கும் செல்லியம்மன் கோயிலுக்கு எந்தத் தோட்டத்துப் பூ முதலில் வந்து சேருகிறதோ, அந்த வீட்டுத் தலைவரின் தலையில் பூசாரி பரிவட்டம் கட்டுவார். பூ சொந்தத் தோட்டத்தில் பூத்திருக்க வேண்டும். வண்டி சொந்தமாக இருக்க வேண்டும், வீட்டு மனிதர் ஓட்டி வர வேண்டும். தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் பிறகு இருபத்திரண்டு வருஷம் சுப்புராயன்தான் கட்டிக்கொண்டார். மற்றத் தோட்டக்காரர்கள் பாலத்தின் இந்தப் பக்கம் மாட்டை நிறுத்தி, அவர் வண்டி தாண்டிய பிறகே கிளம்புவார்கள். அதை யாரும் போட்டி என்று நினைத்ததில்லை. போன வருஷம், புது வண்டி வாங்கிய சந்தோஷத்தில் முருகையன் நிற்காமல் போய்விட்டான். சுப்புராயன் போய்ச் சேர்ந்தபோது தலையில் துணியோடு ஓடிவந்து அவர் காலில் விழுந்தான். ஊர் பார்க்க ஆசீர்வாதம் செய்ய வேண்டியிருந்தது. அந்தத் துணியைத் தொட்ட கை இன்னும் கூசியது.

அவரிடம் இருந்ததும் ஒரு வண்டிதான். அடையாற்றுப் பங்களா ஒன்றைக் காலி செய்துகொண்டு போன வெள்ளைக்காரத் துரை விற்றுவிட்டுப் போன குட்டி டிராக்டர். புல்வெளியைச் சமன் செய்யவும், பின்னால் ஒரு டிரெய்லரைக் கோத்து எருச் சுமக்கவும் ஆகும். வேகம் மட்டும் ஆள் நடை. பக்கத்தில் நடந்து வருகிறவன் வெற்றிலை மடித்தபடியே அதை முந்திப் போய்விடலாம்.

சிந்தாதிரிப்பேட்டையில் பம்பு செட் பழுது பார்க்கும் அப்துல் வஹீதை வரவழைத்தார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை. இஞ்சின் பக்கத்துப் புல்லியைக் கழற்றிவிட்டு இரண்டு மடங்கு பெரிய புல்லியைப் போட்டு, பெல்ட்டை மாற்றி, இஞ்சினை அடக்கி வைத்திருந்த ஸ்பிரிங்கையும் இறுக்கினான். டிரெய்லர் இல்லாமல் ஆற்றங்கரைச் சாலையில் ஓட்டிப் பார்த்தபோது சுப்புராயனின் மேல்துண்டு பறந்தது. எதிரே வந்த சைக்கிள்காரன் பயந்து இறங்கிக்கொண்டான். பல மாதங்களுக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

வஹீத் சிரிக்கவில்லை. "ஐயா, இது நடக்கிறதுக்குப் பொறந்த வண்டி. ஓட்டம் குடுத்தா இழுவை பூடும். சும்மா போனா குதிரை. பாரம் ஏத்துனா குந்திக்கும்."

"பூதானேய்யா. பூவுக்கு இன்னா பாரம்?"

"உங்க பூ, உங்க வண்டி. நான் சொல்றத சொல்லிட்டேன் நைனா" என்று கையைத் துடைத்துக்கொண்டு போனான்.

மனைவி அபயாம்பாள் சமையற்கட்டு வாசலில் நின்று பார்த்திருந்தாள். "இம்மாம் வேகம் இன்னாத்துக்கு? அம்மன் இன்னா பஸ் புடிக்கவா போறா?" என்றாள். அவளுக்கும் தெரியும், அம்மனுக்காக இல்லை என்று.

வெள்ளிக்கிழமை விடியும் முன்பே பூ பறித்தாயிற்று. முருகையன் எட்டுக் கூடை ஏற்றுவான் என்று கேள்வி. சுப்புராயன் பதினாறு கூடை கட்டச் சொன்னார். வாடக்கூடாதென்று ஒவ்வொரு கூடைக்கும் ஈரச் சாக்கு சுற்றி, மேலே குடம் குடமாகத் தண்ணீர் தெளித்தார்கள். நாற்பது வருஷம் பூ சுமந்த தோளுக்கு நனைந்த கூடையின் எடை தெரியாதா? தெரியும். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் கூடை ஏறும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அதைத் தவிர வேறெதுவும் அப்போது அவர் காதில் விழவில்லை.

முதலில் கிளம்பியது அவர்தான். சமதரையில் வண்டி முனகிக்கொண்டு போனது. ஊரே தாம்பாளம் மாதிரி சமம். பாலம் ஒன்றுதான் மேடு. ஏற்றத்தில் பாதி ஏறியதும் பெல்ட் வழுக்கியது. ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. இஞ்சின் வீரிட்டு அலற, சக்கரம் அசையாமல் நின்றது. பின்னால் பச்சை வண்டி வந்து நின்றது.

முருகையன் இறங்கி வந்தான். "கயிறு வெச்சிருக்கேன் அண்ணே. மேல வரைக்கும் இழுத்து உட்டுட்டு அவுத்துக்கறேன். நீங்க முன்னால போங்க. ஒருத்தருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமேடா. நீ போ."

"உங்களத் தாண்டிப் போவமாட்டேன். போன வருசமே தப்புப் பண்ணிட்டேன்னு வூட்ல திட்டிக்கினே கீறாங்க."

வண்டி இவனிடம் இருந்தது, வயது இருந்தது. இப்போது பெருந்தன்மையும் இவனிடமே இருந்தது. அதைத்தான் சுப்புராயனால் தாங்க முடியவில்லை. இறங்கிப் போய் டிரெய்லரைக் கொக்கியில் கோத்திருந்த இரும்பு ஆணியை உருவி எறிந்தார். திரும்பி வந்து ஏறி உட்கார்ந்தார். பதினாறு கூடைப் பாரம் பின்னால் நகரத் தொடங்கியது. "அண்ணே, கல்லு வெக்கலியே" என்று கத்தியபடி முருகையன் ஓடிப்போய்த் தன் முதுகை அதற்குக் கொடுத்தான்.

டிராக்டர் துள்ளி ஏறியது. உச்சியில் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். கால்களை ஊன்றி, முதுகால் தன் அண்ணனின் பூவைத் தாங்கி நின்றான் முருகையன். பால்காரன் ஒருவன் சைக்கிளைச் சாய்த்துவிட்டுச் சக்கரத்துக்குக் கல் தேடிக்கொண்டிருந்தான். சுப்புராயன் முன்னால் திரும்பிக்கொண்டார். இறக்கத்தில் காற்று முகத்தில் அறைந்தது. அந்த வண்டி அவ்வளவு வேகமாக என்றுமே ஓடியதில்லை.

வண்டி வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு மேளக்காரர் அடிக்கத் தொடங்கினார். கூட்டம் விலகி வழிவிட்டது. சுப்புராயன் இறங்கி, துண்டை இடுப்பில் கட்டி, இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில் தலையைக் குனிந்து நின்றார். தட்டில் மடித்த துணியோடு வந்த பூசாரி அவரைத் தாண்டி, பூவைப் பார்ப்பதற்காக வண்டியின் பின்பக்கம் போனார். சற்று நேரத்தில் மேளம் நின்றது. சுப்புராயன் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. அவர் பார்வைக்குத் தெரிந்ததெல்லாம் பூசாரியின் ஈரக் கால்கள்தான். அவை அவர் பக்கமும் வராமல், கோயில் பக்கமும் போகாமல், வெறும் கொக்கியின் அருகே நின்றுகொண்டிருந்தன.