மல்லாட்டைக் கோக்கோ

துரைக்கண்ணு அன்று காலையில் கன்றுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். பின்னாலேயே பசுவும் வந்தது. பால் வாங்கச் செம்போடு வாசலில் நின்றிருந்த ஜினசேனனுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அந்தக் கன்று கழிச்சல் கண்டு செத்துப்போன சேதி தெரு முழுக்கத் தெரிந்ததுதான். துரைக்கண்ணு அதைக் கீழே இறக்கி நிறுத்திய பிறகுதான் விளங்கியது. அது வெறும் தோல். உள்ளே வைக்கோலைத் திணித்து, கோணி ஊசியால் தைத்திருந்தான்.

"கன்னு இல்லாம மாடு பால் எறக்க மாட்டேங்குது நைனாரே. மடி கட்டிக்கிச்சின்னா மாட்டுக்கே ஆபத்து. இன்னா பண்றது சொல்லுங்க" என்றான் துரைக்கண்ணு. செஞ்சியில் சமண வீட்டுக்காரர்களை எல்லோரும் நைனார் என்றுதான் கூப்பிடுவார்கள்.

பசு அந்த வைக்கோல் கன்றை முகர்ந்து பார்த்தது. பிறகு நக்கத் தொடங்கியது. கழுத்து, முதுகு, காது மடல் என்று ஓர் இடம் விடாமல் நக்கியது. துரைக்கண்ணு மடியில் கை வைத்ததும் செம்பில் பால் சர்சர்ரென்று விழுந்தது.

பின்னால் ஏதோ அரவம் கேட்டு ஜினசேனன் திரும்பினான். கதவைப் பிடித்தபடி அவன் மனைவி ஜ்வாலாமாலினி நின்றுகொண்டிருந்தாள். அவள் அழவில்லை. பசுவின் நாக்கு போகிற இடமெல்லாம் அவள் கண்ணும் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த வருஷம் ஆடி மாதம்தான் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. கல்யாணமாகி ஆறு வருஷம் காத்திருந்து பிறந்த குழந்தை. ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. அதன்பிறகு வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை. பேசினால் அவள் உடைந்துவிடுவாள் என்று அவன் பயந்தான். அவளோ, அவன் மறந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று காலை காப்பி கலந்து அவனிடம் நீட்டியவள், தனக்கு எடுத்துக்கொள்ளவில்லை. மத்தியானம் சோற்றுக்கு மோர் ஊற்றிக்கொள்ளவில்லை. சாயங்காலம், சமண வீட்டு வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட உட்கார்ந்தபோது, நெய்க் கிண்ணத்தையும் அவன் பக்கம் தள்ளிவிட்டாள்.

"இனிமே எனக்கு இதெல்லாம் வேணாங்க" என்றாள்.

"விரதமா?"

"விரதமெல்லாம் இல்ல. தொண்டையில எறங்க மாட்டேங்குது. நீங்க சாப்புடுங்க. உங்களை நான் ஒண்ணும் சொல்லல."

நாலு நாளில் சரியாகிவிடும் என்று ஜினசேனன் விட்டுவிட்டான். ஐப்பசி முடிந்து கார்த்திகையும் வந்துவிட்டது. அவள் மாறவில்லை. பிரசவத்துக்குப் பிறகே பாதியாகிப்போன உடம்பு இன்னும் இளைத்தது. கிணற்றடியிலிருந்து ஒரு குடம் தூக்கி வந்தாலே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். டாக்டர் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, "ரொம்ப வீக்கா இருக்காங்க. நல்லா பால் குடிக்கச் சொல்லுங்க" என்றார். ஜினசேனன் தலையாட்டினான். பக்கத்தில் ஜ்வாலாமாலினி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைவீதியில் ஜினசேனனுக்கு மளிகைக்கடை. சரக்கெடுக்க அவன் பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறுவது வழக்கம். அந்த முறை அங்கே ஒரு கடை அலமாரியில் கோக்கோ தூள் டப்பா ஒன்றைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். கல்யாணமான புதிதில் அவனும் அவளும் பாண்டிச்சேரிக்குப் போயிருந்தபோது, அவனுடைய சிநேகிதன் ராஜாராம் வீட்டில் ஆளுக்கொரு கோப்பை சூடான கோக்கோ கொடுத்தார்கள். ஜ்வாலாமாலினி கடைசிச் சொட்டுவரை குடித்தாள். யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, கோப்பையில் ஒட்டியிருந்த நுரையை விரலால் வழித்து நக்கினாள். அவன் பார்த்துவிட்டான். பஸ்ஸில் திரும்பி வரும்போது அதைச் சொல்லிச் சொல்லி இரண்டு பேரும் சிரித்தார்கள்.

டப்பாவை வாங்கிக்கொண்டு வந்தான். மறுநாள் கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு வந்து தானே அடுப்பு மூட்டினான். அப்போதுதான் அந்தத் தப்பைச் செய்தான். துரைக்கண்ணு கொடுத்த பாலைக் காய்ச்சி, அதில் கோக்கோவைக் கலக்கி, சர்க்கரையும் போட்டு அவளிடம் கொண்டுபோனான்.

"தேங்காப்பால்ல போட்டேன்" என்றான்.

அவள் முகத்தில் மாதக்கணக்காகக் காணாத ஒரு வெளிச்சம் வந்தது. வாங்கி ஒரு வாய் குடித்தாள். வெளிச்சம் போய்விட்டது. டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"இது தேங்காப்பால் இல்ல" என்றாள். அதை அவன் பக்கம் நகர்த்திவிட்டு, "நீங்க என்கிட்ட இதுவரைக்கும் பொய் சொன்னதில்ல" என்றாள்.

அவள் சண்டை போடவில்லை. அழவில்லை. முற்றத்துக்குப் போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தாள். மறுநாள் அவன் சாதாரணக் கஞ்சியை எடுத்துக் கொடுத்தபோது, குடிக்குமுன் அதை முகர்ந்து பார்த்தாள். ஜினசேனனுக்கு அதுதான் நெஞ்சில் தைத்தது.

இரண்டு நாள் கடையில் அவனுக்கு வேலை ஓடவில்லை. உளுந்து கேட்டவருக்குத் துவரை போட்டான். மூன்றாம் நாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தவன், அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"நான் பண்ணது தப்பு மாலினி."

முறத்தை நிறுத்தாமல் அவள் கேட்டாள். "எதுக்கு அப்படிப் பண்ணீங்க?"

"டாக்டர் சொன்னதுலேர்ந்து பயம். கொழந்த போன மாதிரி நீயும் போயிட்டீன்னா..."

முறம் நின்றது. குழந்தை என்ற வார்த்தையை அவன் வாயிலிருந்து அவள் கேட்டே மாதங்கள் ஆகியிருந்தன.

"நீங்க மறந்துட்டீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

"எப்படி மறப்பேன்?"

அவன் எழுந்து கடைக்குப் போனான். போகும்போது, "பால் இல்லாம அந்தக் கோக்கோவப் போட்டுப் பாக்கறேன். நீ எதிர்லயே உக்காந்து பாரு. ஒளிவுமறைவு ஒண்ணும் கிடையாது" என்றான்.

அன்று சாயங்காலம் அவள் சமையல்கட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள்.

வெந்நீரில் வெறும் கோக்கோவைக் கலக்கியது கஷாயம் மாதிரி இருந்தது. மேலே தூள் கட்டி கட்டியாக மிதந்தது. நிஜமாகவே தேங்காய்ப்பாலில் செய்து பார்த்தான். கொதித்ததும் திரிந்து, எண்ணெய் தனியாக நின்றது. அப்போதுதான் கடையில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிற மல்லாட்டை ஞாபகத்துக்கு வந்தது. வேர்க்கடலைக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பேர். செஞ்சியைச் சுற்றி எந்தப் புன்செய்க் கொல்லையில் கால் வைத்தாலும் மல்லாட்டைதான். ஊரே அதைத் தின்றுதானே தெம்பாக நடமாடுகிறது என்று நினைத்துக்கொண்டான்.

ஓட்டை உடைத்து, உள்ளே இருக்கிற பயிற்றில் நல்லதாகப் பொறுக்கி வறுத்து, சூடு ஆறுமுன்னே உரலில் போட்டு இடித்தான். ஆண்பிள்ளைக் கை, பலமாக விழுந்தது. தூள் வரவில்லை. எண்ணெய் கக்கி, பசை மாதிரி உலக்கையைப் பிடித்துக்கொண்டது. அவன் உலக்கையைத் தூக்கினால் மல்லாட்டையும் கூடவே வந்தது.

படியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. சின்னச் சிரிப்புதான். ஜினசேனன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடுமோ என்று பயம்.

"சூட்டோட இடிச்சா எண்ணெ விடாம இன்னா செய்யும்?" என்றாள் ஜ்வாலாமாலினி. "தள்ளுங்க."

அதை வழித்து எடுத்துத் துவையலுக்கு ஒதுக்கிவைத்தாள். புதிதாக ஒரு படி மல்லாட்டையை இளஞ்சூட்டில் வறுக்கச் சொன்னாள். கருகக் கூடாது, கருகினால் கோக்கோவின் கசப்போடு சேர்ந்து வாயில் வைக்க முடியாது என்றாள். தோலைத் தேய்த்து, ஊதி, முறத்தில் பரப்பி ராத்திரி முழுக்க ஆறவிட்டாள். மறுநாள் பகலில், ஆறிய மல்லாட்டையோடு பொட்டுக்கடலையும் பனங்கற்கண்டும் கூட்டி, கொஞ்சம் கொஞ்சமாக உரலில் போட்டாள். விடுகிற எண்ணெயைப் பொட்டுக்கடலை இழுத்துக்கொள்ளும் என்பது அவள் கணக்கு. அவன் இடித்தான். எப்போது நிறுத்த வேண்டும் என்று அவள் சொன்னாள். இடித்ததை மெல்லிய வெள்ளைத் துணியில் சலித்தார்கள். துணியில் நின்ற கரகரப்பான கப்பியை மறுபடி இடித்து மறுபடி சலித்தார்கள். தூள் திருநீறு மாதிரி விழுந்தது. அதில் கோக்கோவைக் கொட்டி, ஏலக்காய்ப் பொடியும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டு, நிறம் ஒன்றாகிற வரைக்கும் அவள் கையாலேயே கலந்தாள். முழங்கை வரைக்கும் செம்மண் அப்பின மாதிரி ஆகிவிட்டது.

"மொதல்ல கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணி ஊத்திக் கொழைக்கணும். அப்புறம் கொதிக்கிற தண்ணியில விட்டா கட்டி தட்டாது. கூழ் காய்ச்சறது மாதிரிதான்" என்றாள்.

ஒரு கொதி வந்ததும் அது தளதளவென்று கெட்டிப்பட்டது. அவன் வாங்கி உயரத் தூக்கித் தூக்கி ஆற்றினான். நுரை எழும்பியது. வெளியே ராஜகிரி மலை உச்சியில் இன்னும் வெயில் இருந்தது. பொழுது சாய்வதற்குள் குடிக்கலாம்.

டம்ளரை வாங்கியவள், இந்த முறை முகர்ந்து பார்க்காமலே குடித்தாள். ஒரு வாய், இன்னொரு வாய். ஜினசேனன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"பாண்டிச்சேரியில குடிச்சது மாதிரி இல்ல" என்றாள்.

அவனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"இது வேற மாதிரி இருக்குது. நல்லா இருக்குது. ஏலக்காதான் தூக்கலாப் போச்சு." மிச்சத்தையும் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினாள். "இன்னும் இருக்குதா?"

இரண்டாவது டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவள் குழந்தையைப் பற்றிப் பேசினாள். அதற்கு இடது காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் இருந்ததாம். அவனுக்கு அது தெரியாது. மருதேவி என்று பேர் வைக்க மனசுக்குள் நினைத்திருந்தாளாம். அதுவும் தெரியாது. விளக்கேற்றுகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தாள். இந்த முறை இரண்டு பேரும் அழுதார்கள். அழுதும் ஒன்றும் உடைந்துபோகவில்லை.

மார்கழிக் குளிர் முழுக்க அந்தத் தூள்தான். தீரத் தீர இடித்தார்கள். தை பிறந்தபோது அவள் கிணற்றடியிலிருந்து குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்காமல் நடந்து வந்தாள். மறுபடி போனபோது டாக்டர் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "பரவால்லையே, பால் ஒழுங்கா குடிக்கிறாங்களா?" என்று கேட்டார். ஜ்வாலாமாலினியே பதில் சொன்னாள்: "பால் இல்லிங்க. மல்லாட்டையும் பொட்டுக்கடலையும்." டாக்டர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, அதை விடாமல் சாப்பிடுங்கள் என்றார்.

துரைக்கண்ணு ஜினசேனனுக்கு மட்டும் பால் ஊற்றுவதற்கு வந்துகொண்டுதான் இருந்தான். ஒரு நாள் ஜ்வாலாமாலினி துரைக்கண்ணுவுக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்து கொடுத்தாள். ஊதி ஊதிக் குடித்துவிட்டு, "பால் நல்லா கெட்டியா இருக்குதே, யாருகிட்ட வாங்கறீங்கம்மா?" என்று கேட்டான். பால் இல்லை என்று சொன்னதும் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தான். "ஊர்ல எல்லாருக்கும் சொல்லிறாதீங்கம்மா. என் பொழப்பு போயிரும்" என்றான். பிறகு கூச்சத்தோடு, "எங்க வூட்டுக்காரிக்கு ஒரு பிடி குடுங்களேன்" என்று துண்டை விரித்தான்.

மாசி மாதம் ஒரு சாயங்காலம் ஜினசேனன் வீடு திரும்பியபோது, வாசலில் ஒரு மூட்டை மல்லாட்டைப் பயிறு அவிழ்ந்து கிடந்தது. பக்கத்து வீட்டு லட்சுமியம்மாள் ஒரு பக்கமும் அவள் மருமகள் இன்னொரு பக்கமும் உட்கார்ந்து சொத்தை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஜ்வாலாமாலினி.

"இன்னா இது, கடையே இங்க வந்துட்டுது?" என்றான்.

"அவங்க வூட்டுப் பசங்களுக்கும் வேணுமாம்" என்றாள். "நாளைக்கு பாண்டிச்சேரி போறீங்கல்ல?"

"ஆமா. கோக்கோ எத்தினி டப்பா வாங்கியாரட்டும்?"

அவள் பயிற்றிலிருந்து கையை எடுத்து, மடியைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"நானும் வர்றேன். நானே பாத்து வாங்கறேன். காலையில எத்தினி மணிக்கு பஸ்ஸு?"