வெள்ளிக்கிழமைப் பட்டியலில் இரண்டு பேர்

1.

இந்தக் கதை என் ஆர்வக்கோளாறில் பிறந்தது. அதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் அவமானம்.

எங்கள் வாசிப்புக் குழுவில் முப்பத்தோரு பேர். டிராகன், விண்கலம், காலப்பயணம், பேசும் வாள் என்று எல்லோருக்கும் ஒரே பைத்தியம். வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொருவரும் இரண்டு பட்டியல்களை அனுப்ப வேண்டும். ஒன்று, இப்போது வாசிப்பது. மற்றது, அடுத்து வாசிக்கப்போவது. அவற்றைத் தொகுத்து எல்லோருக்கும் அனுப்புவது நான். மருந்துக்கடையில் வேலை. டாக்டர்களின் கையெழுத்தையே படிக்கிறவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

(இரண்டாவது பட்டியல் யாருக்கும் குறைந்ததில்லை. என்னுடையதில் நூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள். என் கணவர் அதை 'அடுத்த ஜென்மத்துப் பட்டியல்' என்பார்.)

குழுவில் சொந்தப் பெயர் கிடையாது, பட்டப்பெயர்தான். லிஃப்ட் பழுதுபார்க்கும் ஒருவர் 'லிஃப்ட்காரர்'. தீயணைப்பு நிலையத்தில் அவசர அழைப்புகளை எடுக்கும் பெண் 'சைரன்'. முகம் பார்க்காமலே மூன்று வருடம் ஓடியிருந்தது.

தொகுக்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. லிஃப்ட்காரர் ஒரு புத்தகத்தை முடித்தால், அடுத்த வெள்ளிக்கிழமை அது சைரனின் 'அடுத்து' பட்டியலில் இருக்கும். நிலவில் தண்ணீர்க் குழாய் பதிப்பவர்களைப் பற்றிய நாவலை அவர் முடித்தார். மறுவாரம் அவள் சேர்த்தாள். ஒன்பது பாகங்கள் கொண்ட டிராகன் கதையை அவள் ஆரம்பித்தாள். மறுவாரம் அவர் ஆரம்பித்தார். 'அறுவை, தொடாதீர்கள்' என்று அவர் எழுதியதைக்கூட அவள் எடுத்துப் படித்தாள். ஆனால் குழுவில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. மற்றவர்களின் பிறந்தநாளுக்கு வாழ்த்துவார்கள். இவர் பிறந்தநாளுக்கு அவள் மௌனம், அவள் பிறந்தநாளுக்கு இவர்.

ஒருத்தி இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பாளா? நான் இருக்கவில்லை. அவர்களைப் பற்றிக் கதை எழுத உட்கார்ந்தேன்.

2.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

"அவளுடைய பட்டியலில் தன் புத்தகத்தைப் பார்த்தபோது அவன் நெஞ்சு"

இதோடு விட்டேன். நெஞ்சு என்ன செய்தது என்று எனக்கே தெரியவில்லை.

இரண்டாவது:

"காதலுக்குக் கண் வேண்டாம், ஒரு நூலக அட்டை போதும் என்று"

இதையும் விட்டேன். எழுதியவளுக்கே கூச்சமாக இருந்தது.

ஆனாலும் இது காதல் கதைதான் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. சந்தேகம் வந்திருக்க வேண்டும். காதலிக்கிறவர்கள் இவ்வளவு கவனமாகவா ஒருவரையொருவர் தவிர்ப்பார்கள்? அந்தக் கேள்வியை நான் கேட்டிருந்தால் அடுத்த பகுதி நடந்திருக்காது.

3.

போன மார்ச் மாதம் முதல் நேர்ச்சந்திப்பு வைத்தோம். நூலகத்தின் மாடி அறை, ஞாயிறு காலை. பிளாஸ்டிக் நாற்காலிகளில் பட்டப்பெயர்ச் சீட்டுகளை ஒட்டியவள் நான். லிஃப்ட்காரருக்கும் சைரனுக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

அவர் முதலில் வந்தார். நாற்பது வயதிருக்கும். துவைத்தும் போகாத கிரீஸ் விரல் நகங்களில் இருந்தது. பக்கத்து நாற்காலியின் சீட்டைப் படித்தவர் உட்காரவில்லை. ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். அவள் வந்தாள், அவரைப் பார்த்தாள், தன் நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

நான் ஒலிவாங்கியை எடுத்தேன். (ஏன் எடுத்தேன்? முப்பது பேர் இருக்கும் அறைக்கு ஒலிவாங்கி எதற்கு?)

"லிஃப்ட்காரரே, ஏன் அங்க நிக்கறீங்க? வாங்க, வந்து உக்காருங்க. நீங்க ரெண்டு பேரும் படிக்கிறதப் பாத்தா ஒரே வீட்டுல பொறந்தவங்க மாதிரி இருக்கு!"

அறை முழுக்கச் சிரிப்பு. கைதட்டல்கூட. அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார்.

"யாரோ லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாங்களாம். நான் போகணும்."

படியிறங்கிப் போய்விட்டார். அவருடைய போன் அடிக்கவே இல்லை. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை இரண்டு பேரிடமிருந்தும் பட்டியல் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. ஐந்து வாரம்.

4.

ஆறாவது வாரம் தீயணைப்பு நிலையத்துக்குப் போனேன். அவளுடைய இடைவேளையில் வெளியே கூப்பிட்டார்கள். வண்டிகளைக் கழுவும் இடத்தில், ஈரத் தரையில் நின்று பேசினோம்.

"மன்னிச்சிருங்க. நான் வேற மாதிரி நினைச்சுட்டேன்" என்றேன்.

"காதல்னா?" அவள் சிரித்தாள். "அவன் என் அண்ணன்ங்க."

ஒலிவாங்கியில் நான் சொன்னது ஞாபகம் வந்தது.

"ஆறு வருஷமா பேச்சுவார்த்தை இல்ல. குழுவுல அவன் இருக்கான்னு சேந்ததுக்கு அப்புறம்தான் தெரியும். எழுதறதப் பாத்தே கண்டுபிடிச்சுட்டேன். எங்கயும் ஒற்று போட மாட்டான்."

"என்ன சண்டை?"

கேட்டிருக்கக் கூடாது. ஆனால் அவளும் யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் இருந்திருக்கிறாள். நாள் முழுக்க மற்றவர்களின் பதற்றத்தைக் கேட்டுக்கொண்டிருப்பவள்.

"அம்மாவுக்கு ரெண்டு ஆபரேஷன் ஆச்சு. மூணாவது பண்ணிப் பாக்கலாமான்னு டாக்டர் கேட்டாராம். இவன் வேண்டாம்னு கையெழுத்துப் போட்டுட்டான். மூணு மணி நேரத்துல அம்மா போயிட்டாங்க. நான் இங்க டியூட்டில இருக்கேன். உள்ள போகும்போது எங்க போனையெல்லாம் வாங்கி லாக்கர்ல வச்சிருவாங்க. சாயங்காலம் எடுத்துப் பாக்கறேன், பதினாலு மிஸ்டு கால்."

தரையில் கிடந்த தண்ணீர்க் குழாயைக் காலால் ஓரமாகத் தள்ளினாள்.

"கையெழுத்துப் போட்டதுகூடப் பரவால்லங்க. அவன் எடத்துல நானும் அதத்தான் பண்ணிருப்பேன். ஆனா அவசர நம்பருக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே? அது ஊருக்கே தெரிஞ்ச நம்பர். எடுக்கறது நான். ஊர்ல பூனை மரத்துல மாட்டிக்கிட்டாக்கூட எனக்குப் போன் வருது. எங்கம்மா போறதுக்கு வரல."

உள்ளே மணி அடித்தது. போய்விட்டாள்.

5.

அண்ணனைத் தேடிப் போனேன். பன்னிரண்டு மாடி அலுவலகக் கட்டடம். லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தார். காத்திருந்தேன். இறங்கி வந்து, கையைத் துணியில் துடைத்தபடி படிக்கட்டில் உட்கார்ந்தார்.

தங்கையிடம் பேசியதைச் சொன்னேன். அவசர எண் விஷயத்தையும் சொன்னேன்.

"அந்த நம்பர அழுத்தினேன்" என்றார். "மணி அடிக்கறதுக்கு முன்னாடியே வச்சுட்டேன். எங்கயாவது ஒரு வீடு எரிஞ்சுகிட்டு இருக்கும், அவங்க லைனை நான் புடிச்சுக்கக் கூடாதுன்னு தோணிச்சு. முட்டாள்தனம்தான். அந்த நேரத்துல அப்படித்தான் தோணிச்சு."

"இதை அவங்ககிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா மிச்சத்தையும் சொல்லணுமே."

(இங்கே நான் பேனாவை வைத்துவிட்டு மூன்று நாள் சும்மா இருந்தேன். அடுத்த வரிகளை எழுத எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை.)

மிச்சம் இதுதான்.

"அம்மா ஒரு தடவை கண்ணத் தொறந்தாங்க. என்னைத் தேடல. 'சின்னவ வந்துட்டாளா?'ன்னு கேட்டாங்க. வந்துட்டாம்மா, கீழ லிஃப்ட்டுக்கு நிக்கறா, இப்ப மேல வந்துருவான்னு சொன்னேன். 'சரி'ன்னு கண்ண மூடிக்கிட்டாங்க. அவ்வளவுதான். அவ வரப்போறான்னு நம்பிகிட்டேதான் போனாங்க. அந்த நிம்மதியை நான் பொய் சொல்லித்தான் குடுத்தேன். இதப் போய் அவகிட்ட எப்படிச் சொல்றது?"

யாரோ பொத்தானை அழுத்தினார்கள். வேலை நடப்பதால் லிஃப்ட் வரவில்லை. மேல்மாடியில் ஒரு குரல் அலுத்துக்கொண்டது.

"அவளோட பட்டியலப் பாக்கறதுதான் எனக்கு வெள்ளிக்கிழமை" என்றார். "ஒன்பது பாகத்துல ஆறாவது பாகம் படிக்கறான்னா நல்லா இருக்கான்னு அர்த்தம். படிக்கறதுக்கு நேரம் கெடைக்குது. அது போதும்னு இருந்தேன்."

"எழுதட்டுமா?" என்று கேட்டேன்.

அவர் அந்தத் துணியை நான்காக மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார்.

"எழுதுங்க. நீங்களா போய் அவகிட்ட சொல்லிடாதீங்க. எழுதுங்க."

6.

அவர் கடைசியாகச் சொன்ன அந்த 'எழுதுங்க'வை எத்தனையோ முறை யோசித்தேன். எழுதினால் அவள் படிப்பாள். குழுவுக்கு வரும் எதையும் அவள் படிக்காமல் விட்டதில்லை. அதை அறியாதவரா அவர்?

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

(அ) தங்கை கட்டடத்துக்கு வருகிறாள். லிஃப்ட் கதவு திறக்கிறது. இருவரும்... வேண்டாம். சினிமா.

(ஆ) தங்கைக்குக் கோபம் இன்னும் கூடுகிறது. அம்மா தன்னைக் கேட்டதை ஆறு வருடம் மறைத்துவிட்டானே என்று. இது நடக்கலாம். நியாயமும்கூட. அதனால்தான் எழுதக் கை வரவில்லை.

(இ) எதுவும் நடக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு பட்டியல்களும் மறுபடி வருகின்றன, வழக்கம்போல. எனக்கு இது பிடித்திருந்தது. ஆனால் பிடித்திருந்தது எனக்கு. ஒலிவாங்கியை எடுத்ததும் நான்தான். ஒரு முறை போதும்.

அதனால் முடிவை எழுதவில்லை. இந்தக் கதையை இந்த வாரத் தொகுப்போடு அனுப்புகிறேன். மற்ற இருபத்தெட்டு பேருக்கு இது ஒரு கதை. பிடித்தால் படிக்கலாம், இல்லாவிட்டால் தங்கள் 'அடுத்த ஜென்மத்துப் பட்டியலில்' சேர்த்துக்கொள்ளலாம்.

சைரன், இந்த வரிவரை வந்துவிட்டீர்கள் என்றால், இதற்குமேல் என்னிடம் ஒன்றும் இல்லை. கிளம்பும்போது உங்கள் அண்ணனிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டேன். போன் நம்பரை மாற்றவில்லையாம். லிஃப்ட்டின் கூரைமேல் நிற்கும்போதும் எடுப்பாராம்.