மங்குஸ்தான் தோலும் இரண்டு அட்டை மாத்திரையும்

அன்று காலை அந்த வீட்டில் இருந்தவர்கள்: ஹாஜரா பீவி, வயது ஐம்பத்தெட்டு, ஐந்தருவியில் பழக்கடை வைத்திருப்பவர். அவர் மகன் இத்ரீஸ், துபாயிலிருந்து பத்து நாள் லீவில் வந்தவன். மகள் சமீனா, பண்பொழியில் வாக்கப்பட்டவள். பிறகு நான், இசக்கிதுரை, பக்கத்துச் சிப்ஸ் கடைக்காரன். வாசலில் ஒரு வாடகைக் கார் நின்றது.

கார் ஹாஜரா பீவிக்காக. அவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று பிள்ளைகள் முடிவு செய்து, ஒரு மனநலக் காப்பகத்தில் இடம் பேசியிருந்தார்கள். அவர் போனதும் வீட்டைப் பூட்டிச் சாவியைச் சமீனா வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. கடையை வேறு ஆளுக்கு விடுவதாகவும் பேச்சு.

மூன்று வாரத்துக்கு முன்பு சீசன் கூட்டத்தில் அவர் ஒரு மங்குஸ்தானை உடைத்தார். சுளையை ஓடையில் எறிந்துவிட்டுத் தோலை வாங்க வந்தவர் கையில் கொடுத்தார். வந்தவர் சத்தம் போட்டதும் தராசுக் கல்லைத் தூக்கிக்கொண்டு அடிக்கப் போனார். என் கண் முன்னால் நடந்தது. நான் சிரித்தேன். மறைக்க ஒன்றுமில்லை.

அதன்பின் அடிக்கடி அப்படி ஆனது. சமீனா வந்து தினமும் அருவியில் தலையைக் கொடுக்க வைத்தாள். அருவியில் குளித்தால் பித்தம் தெளியும் என்று எங்கள் பக்கத்தில் எல்லாரும் சொல்வார்கள். வெறும் வயிற்றில் குளித்தால் சீக்கிரம் தெளியும் என்றும் சொல்வார்கள். ஆகவே வெறும் வயிற்றில் குளிக்க வைத்தாள். நிலைமை மோசமானது. இத்ரீஸ் வந்த பிறகு, அவர் தெருவில் இறங்கி நடந்துவிடாமல் இருக்க, வெளியே போகும்போதெல்லாம் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனான்.

அன்று நான் போனது, இரவல் வாங்கியிருந்த அவர் தராசைத் திருப்பிக் கொடுக்க.

ஹாஜரா பீவி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வெளியே சாரல். எனக்குக் குளிர்ந்தது. அவருக்கு மட்டும் நெற்றியிலிருந்து வியர்வை வழிந்தது.

"அண்ணாச்சி, பலாப்பழ லோடு இறக்கியாச்சா?" என்று சுவர்க் கடிகாரத்திடம் கேட்டார்.

"ஆரம்பிச்சுட்டு பாரு," என்றாள் சமீனா.

"உம்மா, வண்டியில ஏறுங்க." இத்ரீஸ் கையை நீட்டினான். ஓங்கி ஓர் அடி விழுந்தது அந்தக் கையில்.

நான் டி.பார்ம் படித்துவிட்டுச் சென்னையில் நைட் ஷிஃப்ட் பார்த்தவன். வெளிநாட்டில் மருந்து சாப்பிட்டு ஏடாகூடம் ஆனவர்களைப் பற்றிய புகார்களை விடிய விடியக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. பதினான்கு மாதத்தில் விட்டுவிட்டு வந்தேன். ஊரில் எனக்கு 'ஓடி வந்தவன்' என்று பெயர். ஆனால் குளிர்ந்த வியர்வை, நடுக்கம், குழப்பம், கோபம் என்ற வரிசையை நூறு தடவையாவது ஏற்றியிருப்பேன். கிட்டப் போய் அவர் கழுத்தைத் தொட்டேன். ஈரம், சில்லென்று.

"காலைல சாப்பிட்டாவளா?"

"எங்க? அருவியில இருந்து வந்து தட்டைத் தூக்கி எறிஞ்சுட்டாவ."

"சீனி எங்கட்டி இருக்கு?"

"சுகர் உள்ளவங்களுக்குச் சீனியா?" இத்ரீஸ் பாய்ந்தான். "கொல்லப் போறியாலே? வேலையில நிக்கத் தெரியாம ஓடி வந்த பய, வைத்தியம் பாக்க வந்துட்டான்."

"ஏலே, சுகர் கூடல, எறங்கிப்போச்சு. கால் மணி நேரம் குடு. தெளியலேன்னா நானே தூக்கிக் கார்ல போடுதேன். அப்புறம் நீ என்னைய என்ன வேணும்னாலும் சொல்லு."

நல்லவேளை, விழுங்கும் நிதானம் அவருக்கு இருந்தது. சீனித் தண்ணீரை வாய் வாயாகக் கொடுத்தேன். பாதி என் சட்டையில் துப்பினார். கடிகாரம் பன்னிரண்டு நிமிடம் ஓடியது. வியர்வை நின்றது. அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"எதுக்கு எல்லாரும் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கிய? ஏட்டி சமீனா, சோத்தைப் போடு. இசக்கி, உன் சட்டையில என்னலே?"

சமீனா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அவர் சாப்பிட்டதும், போடும் மாத்திரைகளைக் கேட்டேன். ஒரு பேரீச்சம்பழ டப்பாவை எடுத்துவந்தார். உள்ளே இரண்டு அட்டை. ஒன்று இங்கே டாக்டர் எழுதிக் கொடுத்தது. மற்றொன்றில் அரபி எழுத்து. பக்ரீதுக்கு மறுநாள், லீவில் வந்த ஒருவர் கையில் இத்ரீஸ் கொடுத்துவிட்ட பார்சலில் வந்தது. எங்கள் ஊரில் துபாயிலிருந்து யார் வந்தாலும் நாலு வீட்டுப் பார்சல் வரும். எல்லாப் பார்சலிலும் தைலமும் மாத்திரையும் இருக்கும். மங்குஸ்தான் தோல் கொடுத்தது பக்ரீது முடிந்து ஐந்தாம் நாள்.

இரண்டு அட்டையையும் திருப்பிப் பொடி இங்கிலீஷ் எழுத்தைப் படித்தேன். பெயர்தான் வேறு. உள்ளே ஒரே மருந்து, சர்க்கரையைக் குறைப்பது. இரட்டை அளவில், அதுவும் வெறும் வயிற்றில் போட்டிருக்கிறார்.

"டாக்டர்ட்ட சொல்லலியா, பீவிம்மா?"

"நான் குடுத்ததைப் போடுதியான்னு அவர் கேட்டார். போடுதேன்னேன். நான் அனுப்புனதைப் போடுதியளான்னு இவன் போன்ல கேட்டான். போடுதேன்னேன். ரெண்டுல எது பொய்?"

"ஒண்ணை நிறுத்தியிருக்கக் கூடாதா உம்மா?" என்றான் இத்ரீஸ்.

"நீ வெயில்ல வெந்து அனுப்புனதைச் சாக்கடையிலயா போடச் சொல்லுத?"

இத்ரீஸ் அரபி அட்டையை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தான்.

இந்த மருந்து உடம்பில் நிற்கும், சர்க்கரை மறுபடி இறங்கலாம் என்று சொல்லி, அதே காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் இரண்டு நாள் படுக்க வைத்தார். மாத்திரையை மாற்றினார். மருந்தால் வந்த கோளாறைத் தெரிவிக்கும் படிவத்தை எடுத்தபோது, நான் எழுதட்டுமா என்று கேட்டேன். சென்னையில் எனக்குக் கிடைத்ததெல்லாம் பெயரின் முதலெழுத்தும் வயதும்தான். அந்த ஆள் பிழைத்தாரா என்று நான் கேட்டதும் இல்லை. இங்கே எச்.பி., 58 என்று எழுதினேன். எச்.பி. மூன்றாவது கட்டிலில் நர்ஸோடு தோசைக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். கடைசிக் கட்டத்தில் 'குணமடைந்தார்' என்று எழுதினேன். பெருமையாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

காப்பகத்துக்கு வேண்டாம் என்று இத்ரீஸே போன் போட்டுச் சொன்னான்.

அவன் கிளம்பிய நாளில் பெட்டியைத் தூக்க நானும் போனேன். வாசலில் நின்று சமீனா, "சாவி ஒண்ணு எங்கிட்ட இருக்கட்டும் உம்மா," என்றாள்.

ஹாஜரா பீவி மகனிடம் கையை நீட்டினார்.

"எனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?"

"இல்ல உம்மா."

"அப்போ தா."

இத்ரீஸ் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தான். தலையைக் குனிந்தபடியே கொடுத்தான்.

"இனிமே பார்சல்ல பாதாம் அனுப்பு. மருந்துன்னா மொதல்ல இந்த ஓடி வந்த பயகிட்ட காட்டிட்டுத்தான் வாயில போடுவேன்." என் பக்கம் திரும்பினார். "நாலரைக்கெல்லாம் கடை தொறக்கணும். தார்ப்பாயை அவுத்து வை. அசர் தொழுதுட்டு வாரேன். போங்க, எல்லாரும் போங்க, பிளைட்டு உங்களுக்காவ நிக்குமா?"

இத்ரீஸ் படியிறங்கித் திரும்பிப் பார்த்தான். அதற்குள் கதவு சாத்தப்பட்டது. உள்ளேயிருந்து சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது.