விரற்கடையில் நின்ற குத்துகள்

கராத்தேப் பள்ளியில் பாதியில் நிறுத்தப்பட்ட ஒரு குத்து, பதினோரு ஆண்டுகள் கழித்து ஒரு புதன்கிழமை மாலை ஐந்தே முக்கால் மணிக்கு, கவுன்சிலரின் இடது தாடையில் வந்து முடிந்தது. அப்போது அவர் கூடத்தின் நடுவில் நின்று, இளைய தலைமுறைக்கும் தனக்கும் உள்ள நெருக்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி மூன்றடிக்குள் யாரும் இல்லை. 'நெருக்கம்' என்ற சொல்லோடு அவர் தலை ஒரு பக்கம் திரும்பியது, கடைவாய்ப் பல் ஒன்று வெளியே வந்தது, உரை நாற்பது நிமிடம் முன்னதாகவே நிறைவுற்றது. கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். பேச்சு முடிந்தால் கைதட்டுவது வழக்கம்தான் என்பதால் அதில் உள்நோக்கம் கண்டுபிடிக்க யாராலும் முடியவில்லை.

கூடம் டயர் கிடங்குக்கு மேல் முதல் மாடியில் இருந்தது. பகலில் லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்தவர் மாலையில் அதை நடத்தினார். அக்கம்பக்கம் முழுக்க அவரை மாஸ்டர் என்றது. நாளடைவில் அவரும் அதை நம்பிவிட்டார். பள்ளிக்கூடம் விடுவதற்கும் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிவதற்கும் நடுவே மூன்று மணி நேரம் கிடந்தது. அந்த மூன்று மணி நேரமும் தெரு கஞ்சாப் பொட்டலம் விற்பவர்களின் கையில். அவர்களிடம் விடுவதைவிட மாஸ்டரிடம் விடுவது மேல் என்று பெற்றோர் அறுபத்திரண்டு பிள்ளைகளை மாடிக்கு அனுப்பினார்கள். முதல் ஆண்டே ஒரு மூக்கு உடைந்தது. அன்று ஒரு விதி வந்தது: குத்தும் கையின் முட்டி எதிராளியின் தோலுக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றுவிட வேண்டும். "அடிக்கிறதுக்கு மாடு போதும், நிறுத்துறதுக்குத்தான் மனுஷன் வேணும்" என்பார் மாஸ்டர். ஆனால் பிள்ளைகள் ஈ ஓட்டுவது போலக் குத்தினார்கள். அதனால் இன்னொன்றும் சொல்லிவைத்தார்: எதிரில் நிற்பவனைப் பார்க்காதே, உனக்கு யார் மேல் கோபமோ அவரை அங்கே நிறுத்திக்கொள். கைகளுக்கு உயிர் வந்தது. நிறுத்திய குத்தில் மிச்சமிருந்த விரற்கடை எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோன லிஃப்ட் ஆவியாகிவிடாது, உள்ளே இருக்கும் ஆட்களோடு அங்கேயே நிற்கும் என்பது வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கவுன்சிலருக்கு அடுத்து, பிள்ளைகள் பெயர்ப்பட்டியல் கேட்டு வந்த ஹெட்மாஸ்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். காரணத்தைக் கண்டுபிடித்தவள் தையல்காரி. நாற்பத்தாறு வயதில் சேர்ந்தவள், பள்ளியிலேயே மூத்த மாணவி. வீட்டுச் சாவி வாங்க வந்த அவள் புருஷன், அவள் வழக்கமாகப் பயிற்சி செய்யும் இடத்தில் கால் வைத்ததும் வரிசையாக ஏழு வாங்கினான். அவள் நிதானமாக எண்ணிக்கொண்டு நின்றாள்.

"ஏழும் என்னோடதுதான் மாஸ்டர். எட்டாவது இங்க இல்ல. அதை நான் நிறுத்தல, வீட்லயே முடிஞ்சுபோச்சு."

சாக்பீஸ் பொடியை ஊதிப் பார்த்தார்கள். கூடம் முழுக்க, கொடியில் காயப்போட்ட துணி மாதிரி, முட்டிகள் தொங்கின. யாரை நினைத்துக் குத்தினார்களோ அவர் வந்து நின்றால் மட்டும் குத்து முடிந்தது. மற்றவர்கள் அதன் நடுவே நடந்து போகலாம், ஒன்றும் ஆகாது.

கவுன்சிலர் மூன்று நிபுணர்களை வைத்து விசாரணைக்குழு அமைத்தார். ஒருவர் காற்றழுத்தம் என்றார், இன்னொருவர் டயர் ரப்பரின் ஆவி என்றார். மூன்றாமவர் ஒரு காலத்தில் அதே பகுதியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். அவர் படியேறவே இல்லை, கீழிருந்தே கையெழுத்துப் போட்டார். முப்பது நாளில் கூடத்துக் காற்றைச் சுத்தம் செய்யாவிட்டால் சீல் வைக்கப்படும், அதுவரை வகுப்பு கிடையாது என்று உத்தரவு வந்தது. முதல் வாரத்திலேயே மூன்று பிள்ளைகள் கையில் பொட்டலத்தோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் மாடிப்படியில் நின்று பார்த்தார். முப்பது நாளானால் மூன்று முப்பதாகும் என்பதற்குக் கணக்கு வாத்தியார் வேண்டியதில்லை.

எனவே, உரியவர்கள் நேரில் வந்து பெற்றுக்கொள்ளும்படி கடிதம் எழுதினார். ஜனங்கள் வந்தார்கள். கவுன்சிலர் தன் உதவியாளரை அனுப்பினார். பிரதிநிதிக்குக் குத்து விழவில்லை. கடைசியில் பல் டாக்டரின் சீட்டோடு அவரே வந்து பதினொன்று வாங்கிக்கொண்டு, அதையும் மக்கள் பணி என்று சொல்லிவிட்டுப் போனார். பிள்ளையை அங்கே அனுப்பியிருந்த பஸ் டிரைவர் ஒருவர் தனக்கு ஒன்றும் இருக்காது என்று சிரித்துக்கொண்டேதான் வந்தார். பொடி ஊதியபோது அவர் இடுப்புக்கும் கீழே சின்னஞ்சிறு முட்டி ஒன்று தெரிந்தது. அவர் மண்டியிட்டு, முகத்தைக் கொண்டுபோய் அதில் கொடுத்தார். அன்று முழுவதும் அவர் பஸ் ஓட்டவில்லை.

இருபத்தெட்டாம் நாள் கூடம் காலியாயிற்று, ஜன்னல் மூலை ஒன்றைத் தவிர. அங்கே நூற்று நான்கு முட்டிகள் இருந்தன. எல்லாம் ஒரே கை. இடுப்பு உயரத்தில் சின்னதாகத் தொடங்கி, வளர்ந்து வளர்ந்து மார்பு உயரத்துக்கு வந்திருந்தது. ஒவ்வொன்றும் அளந்து வைத்தது போல ஒரே கோட்டில் நின்றிருந்தது. யார் போய் நின்றாலும் ஒன்றும் நடக்கவில்லை. உரியவர் செத்திருப்பார் என்றார் மாஸ்டர். மூலையைப் பலகை வைத்து அடைத்துவிடலாம் என்றும் சொன்னார். அவர் மட்டும் அந்தப் பக்கம் போகவில்லை, பல வருஷமாகவே போனதில்லை.

அது அவர் மகளின் கை. அவ்வளவு சுத்தமாகக் குத்தை நிறுத்தத் தெரிந்தவர் அந்தப் பள்ளியில் வேறு யாரும் இல்லை. கறுப்பு பெல்ட் தேர்வில் அவர் அவளை மூன்று முறை ஃபெயிலாக்கினார், மூன்று முறையும் மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் முன்னிலையில். சொந்தப் பிள்ளைக்கே சலுகை காட்டாத மனிதர் என்று ஜனங்கள் மெச்சினார்கள். கவுன்சிலர் கேடயம் கொடுத்தார். அதை அவர் வாரம் தவறாமல் துடைத்துவைத்தார். மகளுக்குக் கிடைத்தது ஒரு பழமொழி: வாத்தியார் பிள்ளை மக்கு. மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் கடைக்கு வருகிறவர்கள் அதைச் சொல்லிச் சிரித்துவிட்டு மாத்திரை வாங்கிப் போனார்கள். அவளும் சில்லறையைச் சரியாக எண்ணிக் கொடுத்தாள்.

முப்பதாம் நாள் பிற்பகல் நகராட்சி இன்ஸ்பெக்டர் பூட்டும் அரக்கும் கொண்டுவந்தார். படிக்கட்டு நிறையப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். பொட்டலத்தோடு ஓடிய மூன்று பேரில் ஒருவன் கீழே தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தான். மாஸ்டர் தொண்டையைச் செருமினார். ஒரு பள்ளி என்பது தனிமனிதரைவிடப் பெரியது என்று தொடங்கினார். நடுநிலைமை என்றார். தியாகம் என்ற சொல்லுக்கு வந்து சேர்ந்தபோது தையல்காரி குறுக்கிட்டாள்.

"மாஸ்டர், அது யார் கைன்னு உங்களுக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். இன்ஸ்பெக்டர் சாருக்கு மட்டுந்தான் தெரியாது. அவருக்கு வேற வேலை இருக்கு."

மருந்துக்கடை அங்கியோடு கதவோரம் நின்றிருந்த மகள் முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"மூணு தடவையும் நான் பாஸ்தானேப்பா?"

மாஸ்டர் பிள்ளைகளைப் பார்த்தார், பெற்றோரைப் பார்த்தார், சுவரில் கேடயத்தைப் பார்த்தார். அங்கிருந்து உதவி ஒன்றும் வரவில்லை.

"பாஸ்தான்மா. முதல் தடவையே பாஸ்தான். இவங்க எல்லாம் என்னைப் பெரிய மனுஷன்னு சொல்றது எனக்குப் பிடிச்சிருந்துது."

மூலைக்குப் போய் நின்றார். குத்துகள் வயது வாரியாக வந்தன. பத்து வயதுக் குத்துகளைத் தாங்கிக்கொண்டார். பதினேழு வயதுக் குத்துகளில் கீழே விழுந்து விழுந்து எழுந்தார். யாரும் தூக்கிவிடவில்லை, தூக்கினால் செல்லாது என்று எல்லோருக்கும் தோன்றியது. மகள் பார்த்துக்கொண்டே நின்றாள். நிறுத்தச் சொல்லவும் இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. நூற்று நான்காவது முடிந்ததும் இன்ஸ்பெக்டர் தன் கையாலேயே பொடி ஊதிப் பார்த்தார். காற்று சுத்தம் என்று எழுதிக்கொண்டு, அரக்கை எடுத்துப் பையில் போட்டார்.

மறுநாள் வகுப்பு நடந்தது. மாஸ்டருக்கு இரண்டு விலா எலும்பில் விரிசல் என்பதால் மகள் நடத்தினாள். விலா கூடிய பிறகும் அவளே நடத்துகிறாள். ஓடிய மூவரில் இருவர் திரும்பி வந்தார்கள். விதி மாறவில்லை, முட்டி இன்றும் விரற்கடையில்தான் நிற்கிறது. பெற்றுக்கொள்வதற்குச் சனிக்கிழமை நான்கிலிருந்து ஐந்து வரை நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அப்பாக்களும் அம்மாக்களும் முடிவெட்டும் கடையில் காத்திருப்பது போலப் பேப்பர் படித்துக்கொண்டு முறைக்குக் காத்திருப்பார்கள். ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் சிலர் சந்தோஷமாகப் போவார்கள், சிலர் சந்தேகத்தோடு இன்னொரு முறை ஊதச் சொல்வார்கள். மாஸ்டர் வாராவாரம் முதல் ஆளாக வந்துவிடுகிறார். பெரும்பாலும் அவருக்கு ஏதாவது ஒன்று இருக்கிறது.