கூட்டத்தில் இல்லாதவர்

பிள்ளைப்பாக்கத்தில் ஒரு வீட்டில் கல்யாணம் என்றால், அந்த வீட்டில் இறந்துபோன பெண்ணைப் பம்பை அடித்து அழைப்பார்கள். அவள் துளசிங்கத்தின் மேல் இறங்கி, ஊர் கூடியிருக்க, அவர் வாயால் பேசுவாள். ஊரே கேட்கும், அவருக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. அவள் மலையேறி, அவர் உடலை விட்டு நீங்கிய பிறகு எழுந்து, துண்டை உதறிக்கொண்டு போய்விடுவார். முப்பது வருஷத்தில் ஒருநாளும் அவர் அதற்காகக் கவலைப்பட்டதில்லை.

நாளைக்கு அவருடைய மகளுக்கே கல்யாணம். இன்று அழைத்தது போன மாசியில் இறந்த அவர் மனைவி கன்னியம்மாளை. அவள் ஆசைப்பட்டுக் கேட்ட நைலக்ஸ் புடவையைப் படையலில் வைத்திருந்தார்கள்.

துளசிங்கம் கண் விழித்தபோது பாதிக் கூட்டம் அழுதுகொண்டிருந்தது. கன்னியம்மாளின் தங்கை அலமு தண்ணீர்ச் செம்பை நீட்டினாள்.

“வந்தாளா?”

“அக்கா வந்துச்சு மாமா. பொண்ணுக்குப் பூ வச்சுது. புடவையத் தடவிப் பாத்துச்சு.”

“என்னப் பத்தி இன்னா சொன்னா?”

அலமு படையலில் இருந்த புடவையை எடுத்து மடித்தாள்.

“எல்லாரும் கீறீங்க, அவர மட்டும் காணலியேன்னு கேட்டுச்சு.”

அவர் செம்பைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

“நீ இன்னா சொன்ன?”

“வெளிய போயிருக்காரு, வந்துடுவாருன்னேன். பம்பை நிக்கிற வரிக்கும் வாசலையே பாத்துகினு உக்காந்திருந்துச்சு மாமா.”