எர்த் இல்லாத வீடு

சித்ரலேகா டீச்சருக்குக் கம்ப்யூட்டர் விளையாட்டில் ஆசை வந்ததற்குப் பள்ளிக்கூடம்தான் காரணம். மாணவிகளின் மதிப்பெண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றப் பழகிவரச் சொல்லி, வண்ணார்பேட்டையில் பீர் மைதீன் வைத்திருந்த கம்ப்யூட்டர் கடைக்கு நிர்வாகம் அவளை அனுப்பியது. ஒருநாள் சாயங்காலம் அவன் புதிதாக வந்திருந்த த்ரீ-டி கார்டு ஒன்றைச் சோதித்துப் பார்க்கக் கார் பந்தயம் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தான். "நீங்களும் ஓட்டிப் பாருங்க டீச்சர்" என்றான். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறவள் மூன்றாவது சுற்றில் அவனுடைய நேரத்தை முறியடித்தாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்த பிறகும் விரல்கள் அசைந்துகொண்டே இருந்தன.

அது 1999ஆம் வருடம். தீபாவளிக்குள் சொந்தமாக ஒன்று வாங்கிவிட வேண்டும் என்று முடிவுசெய்தாள். கணவன் நடராஜ் கூட்டுறவு வங்கியில் எழுத்தர். அவனுடைய போனஸையும் அவளுடைய சேமிப்பையும் சேர்த்தால் நாற்பதாயிரம் வந்தது. அதற்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கிடையாது என்று நடராஜ் சொல்லிவிட்டான்.

பீர் மைதீன் போட்டுக்கொடுத்த முதல் பட்டியல் நாற்பத்தாறாயிரத்தைத் தொட்டது. அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள். பதினைந்து அங்குல மானிட்டரைப் பதினாலாக்கினாள். ஹார்ட் டிஸ்க்கைச் சிறியதாக்கினாள். ஸ்பீக்கரைப் பட்டியலிலிருந்தே அடித்துவிட்டாள். அப்படியும் கணக்கு அடங்கவில்லை. மிச்சம் இருந்தது த்ரீ-டி கார்டுதான். அதை எடுத்துவிட்டால் விளையாட்டே இல்லை.

"ஒரு வழி இருக்கு" என்றான் பீர் மைதீன். "பிராசசரையும் போர்டையும் விலை குறைஞ்ச வேற மாடலுக்கு மாத்திக்கிட்டா கார்டு தங்கும். வேகம் ஒண்ணும் பெருசா குறையாது. ஆனா அந்தப் போர்டுக்குப் பழைய மாடல் கேபினெட்தான் சேரும்."

"சேரட்டுமே."

"அதுல முன்னால இருக்க பட்டன் வரைக்கும் வீட்டுக் கரண்டே வந்து நிக்கும் டீச்சர். கம்ப்யூட்டரு ஓடாதப்பவும் நிக்கும். புது மாடல்ல அப்படிக் கிடையாது."

அவன் அந்தப் பழைய மாடல் கேபினெட்டில் இரண்டு தகரப் பெட்டிகளை மேசைமேல் வைத்தான். ஒன்று கனமாக இருந்தது. பேர் எதுவும் இல்லாத இன்னொன்று எண்ணூறு ரூபாய் குறைவு. மலிவான பெட்டியைத் திறந்து, உள்ளே தகரம் மடங்கும் இடத்தில் நகத்தை வைத்து இழுத்தான். நகம் சீவிக்கொண்டு வந்தது.

"ஓரத்தைப் பாத்தீங்களா. ஒயரு இது மேல உரசிக்கிட்டுத்தான் போவும். எதுல வேணும்னாலும் குறைங்க, பொட்டியில குறைக்காதீங்க."

"அந்த எண்ணூறு இருந்தா மெமரி கொஞ்சம் கூடப் போட்டுக்கலாம்லா?"

அவன் மலிவான பெட்டியை மூடினான். "கசியுத கரண்டைத் தரைக்கு இறக்க உங்க வீட்டுல எர்த் இருக்குல்லா?"

"இருக்கு" என்றாள்.

அவளுக்கு அது தெரியாது. சுவரில் மூன்று ஓட்டை உள்ள பிளக் பாயிண்ட் இருந்தது. அதை நினைத்துத்தான் சொன்னாள்.

கம்ப்யூட்டர் மலிவான பெட்டியில்தான் வந்தது; முதல் வாரத்திலேயே பெட்டி கடித்தது. பக்கவாட்டுத் தகரத்தில் கை பட்டால் லேசாகச் சுருக்கென்றது. நடராஜ் டெஸ்டரை வைத்துப் பார்த்தான். அதற்குள் இருந்த சின்ன விளக்கு மங்கலாக எரிந்தது. சுவர் பாயிண்டைக் கழற்றிப் பார்த்தபோது மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லை.

அது டவுனில் ஒரு பழைய வாடகை வீடு. சொந்தக்காரர் அம்மையப்பன் அடுத்த வாசலில் குடியிருந்தார். நடராஜ் போய்க் கேட்டான்.

"முப்பது வருசமா இந்த வீட்டுல ஆளு இருக்கு. ஒருத்தரும் எர்த்துன்னு கேட்டது கிடையாது" என்றார் அம்மையப்பன். "நீரு புதுசா ஒரு சாமானைக் கொண்டாந்துட்டு வீட்டைக் குத்தம் சொல்லுதீரே வே."

"நாங்களே செலவு பண்ணிக்கிடுதோம் அண்ணாச்சி."

"எர்த்துக் கம்பி இறக்கத் தளத்தைக் குத்த விடமாட்டேன். தை பொறக்கட்டும், பாப்போம்."

சித்ரலேகா பீர் மைதீனுக்குப் போன் செய்தாள். எர்த் இல்லை என்பதைச் சொல்லவில்லை. லேசாகச் சுருக்கென்கிறது என்று மட்டும் சொன்னாள். "பொட்டியைக் கொண்டாங்க, திறந்து பாத்திருவோம். ரெண்டு நாள் ஆகும்" என்றான். அவள் அப்போது ஒன்பதாவது பந்தயத்தில் இருந்தாள். அரைப் பரீட்சை லீவில் கொண்டுவருவதாகச் சொல்லிப் போனை வைத்தாள்.

பிறகு இருவருக்கும் அது பழகிவிட்டது. நடராஜ் நாற்காலிக்கு அடியில் ரப்பர் பாய் விரித்தான். இருவரும் செருப்புப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். சுருக்கென்பது நின்றுவிட்டதால் பெட்டியே சரியாகிவிட்டதுபோல் தோன்றியது. உள்ளே மின்விசிறியின் அதிர்வில் ஒயர் தகர ஓரத்தில் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டிருந்தது அவர்களுக்குத் தெரியவில்லை.

வீட்டு வேலைக்கு வந்த மாரித்தாய் வெறுங்காலோடு வருகிறவள். ஒருநாள் கையை உதறிக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள்.

"டீச்சரம்மா, அந்தப் பொட்டி கட்டெறும்பு மாதிரி கடிக்குது."

"அதைத் தொடாத மாரித்தாய். அதைச் சுத்தி மட்டும் துடை."

"மேசைக்கு அடியிலல்லா இருக்கு. துடைக்கையில படத்தான செய்யும்."

"பாத்து பைய துடை."

மாரித்தாய் சிரித்துவிட்டுப் போனாள். அவள் சிரித்ததால் சித்ரலேகாவும் அதை மறந்தாள்.

நவம்பர் கடைசியில் அடைமழை பிடித்தது. ஆற்றில் தண்ணீர் படித்துறைகளை மூடிவிட்டதாகச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டார்கள். சுவர்கள் வியர்த்தன, சிமெண்டுத் தரை காயவேயில்லை. காலையில் நடராஜ் வங்கிக்குப் போனதும் சித்ரலேகா ஒரு மணி நேரம் விளையாடினாள். மாரித்தாய் நனைந்துகொண்டே வந்து வாளியை எடுத்தாள். சித்ரலேகா கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டுக் காப்பி போட எழுந்தாள். சுவர் சுவிட்ச் மேசைக்குப் பின்னால் இருந்தது. அதை அணைக்க வேண்டுமென்றால் மேசையை நகர்த்த வேண்டும். அவள் நகர்த்தவில்லை.

பாலை அடுப்பில் வைக்கும்போது வாளி உருளும் சத்தம் கேட்டது. அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

"மாரித்தாய்" என்று கூப்பிட்டாள். பதில் இல்லை.

போய்ப் பார்த்தபோது மாரித்தாய் மேசைக்கு அடியில் ஒருக்களித்துக் கிடந்தாள். ஈரத்துணியோடு வலது கை பெட்டியின் முன்பக்கத்தில் ஒட்டியிருந்தது. உடம்பு மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது. கண் திறந்திருந்தது. தரையெல்லாம் தண்ணீர் பரவி சித்ரலேகாவின் கால் பக்கம் வந்துகொண்டிருந்தது. அவள் தொடப் போனாள், பிறகு நின்றாள். திரும்பி வாசல் நடைக்கு ஓடி மெயின் சுவிட்சை இழுத்தாள். அது துருப்பிடித்திருந்தது. இரண்டு கையாலும் தொங்கித்தான் இறக்க வேண்டியிருந்தது. அதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்று அவளால் பின்னாட்களில் ஒருபோதும் சொல்ல முடியவில்லை.

அம்மையப்பன்தான் ஆட்டோ பிடித்தார். ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் நாடியைப் பார்த்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

தகவல் கிடைத்து நடராஜ் வந்து சேர்ந்தான். அம்மையப்பன் இருவரையும் தூண் ஓரமாகக் கூட்டிப்போனார். "துடைச்சுக்கிட்டு இருக்கையில மயங்கி விழுந்துட்டாள்னு சொல்லுங்க. நெஞ்சுவலின்னு ஆயிரும். கரண்டுன்னு சொன்னா என் வீடு, உம்ம உத்தியோகம், ரெண்டும் போயிரும்."

நடராஜ் மனைவியைப் பார்த்தான். "அண்ணாச்சி சொல்லுததும் சரிதான் சித்ரா. போன உசிரு இனி வரவா போவுது."

"கையில கரிஞ்சிருக்கு. நீங்க பாக்கல" என்றாள் அவள்.

விவரம் எழுதிக்கொள்ளப் போலீஸ்காரர் வந்தார். நடராஜ் வாயைத் திறப்பதற்குள் அவள் பேசத் தொடங்கினாள். பெட்டி கடித்தது, எர்த் இல்லாதது, கடைக்காரர் எச்சரித்தது, தான் பொய் சொன்னது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். வகுப்பில் கணக்குச் சொல்வது போலவே குரல் வந்தது. அம்மையப்பன் மெல்ல நகர்ந்து வாசல் பக்கம் போய்விட்டார்.

மாரித்தாயின் கணவர் சுடலையாண்டி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். ஈரச் சாக்கைத் தலையில் போட்டபடியே வந்தார். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். சித்ரலேகா அவர் முன்னால் போய் நின்று திரும்பவும் எல்லாவற்றையும் சொன்னாள்.  முடிந்த பிறகு அவர் நிமிர்ந்தார்.

"அந்தப் பொட்டி எதுக்கும்மா? பள்ளிக்கூட வேலைக்கா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார்.

"இல்ல" என்றாள். "விளையாடுததுக்கு."

சுடலையாண்டி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமா, புரியவில்லையா என்று தெரியாத பார்வை. உள்ளேயிருந்து யாரோ அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். காகிதத்தில் கைநாட்டு வைக்க வேண்டும் என்றார்கள். அவர் எழுந்து அவளைச் சுற்றிக்கொண்டு நடந்து போனார்.